எண் 480: பாதியில் நின்று, பிறகு இடிக்கப்பட்ட சான் பிரான்சிஸ்கோ நெடுஞ்சாலை

பாதைப்பித்தன்

செத்துப்போன நெடுஞ்சாலை எண்களுக்கென்று ஒரு இழை வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. நானே தொடங்கிவிடுகிறேன்.

கலிபோர்னியா மாநில நெடுஞ்சாலை 480. கட்டிய நீளம் இரண்டு மைல்கூட இல்லை. சான் பிரான்சிஸ்கோ துறைமுகக் கரையோரம், ஒன்றின் தலைமேல் ஒன்றாக இரண்டு தளம் அடுக்கிய கான்கிரீட் மேம்பாலம். ஊர்க்காரர்கள் வாயில் 'எம்பார்கடேரோ ஃப்ரீவே'. 1959-இல் திறந்தார்கள். 1991-இல் இடிக்கத் தொடங்கினார்கள், அந்த வருடமே எண்ணும் பட்டியலை விட்டுப் போனது.

போட்ட திட்டம் பெரியது. ஓக்லண்டிலிருந்து வரும் பே பிரிட்ஜையும் வடக்கே கோல்டன் கேட் பாலத்தையும் கரையோரமாகவே சுற்றிக்கொண்டு போய் இணைக்க வேண்டும். கட்டியதோ பிராட்வே தெரு வரைக்கும்தான். அங்கே வண்டிகளைக் கீழே இறக்கிவிட்டு, மேற்கொண்டு போக நீட்டிய முனை அந்தரத்தில் நின்றுகொண்டது.

இதைக் கொன்றது யார் என்று கேட்டால் எல்லோரும் 1989 நிலநடுக்கம் என்பார்கள். என் கணக்கு வேறு. 480 செத்தது 1959-இலேயே. மிச்சம் 30 வருடம் அது பிணமாக நின்றது, அவ்வளவுதான்.

தெற்குவீதி

அண்ணா, ஒரு சின்ன சந்தேகம். பழைய வரைபடம் ஒன்றில் 480-க்கு இன்டர்ஸ்டேட் கேடயம் (தேசிய நெடுஞ்சாலை எண்ணுக்கான கேடய வடிவச் சின்னம்) போட்டிருக்கிறது. நீங்கள் மாநில நெடுஞ்சாலை என்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?

பாதைப்பித்தன்

//இரண்டும் ஒன்றா?//

சாலை ஒன்றுதான் தம்பி, சட்டை மாறியது. முதலில் இன்டர்ஸ்டேட் 480 என்றுதான் பெயர். இன்டர்ஸ்டேட் என்றால் கட்டும் செலவில் 90 சதவீதம் மத்திய அரசு கொடுக்கும், மாநிலம் பத்து போட்டால் போதும். அதனால்தான் 1950-களில் எல்லா ஊரும் 'எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று' என்று கோடு போட்டுக்கொண்டிருந்தது. இந்த இன்டர்ஸ்டேட்டுக்குக் கொடுத்த வேலை: ஓரிடத்தில் தொடங்கி இன்னொரு நெடுஞ்சாலையில் போய்ச் சேர வேண்டும். 480 எங்கேயும் போய்ச் சேரவில்லை. சேரவே போவதில்லை என்று உறுதியானதும் அந்தக் கேடயத்தைக் கழற்றி, 1968-இல் மாநில நெடுஞ்சாலை ஆக்கினார்கள். எண்ணை மட்டும் விட்டுவைத்தார்கள். ரிட்டயர் ஆனவரை ஊரே 'தாசில்தார் ஐயா' என்று கூப்பிடுகிற மாதிரி.

ஏன் சேரவில்லை என்றால், 1956-இல் நகரத்துக்குள் வரப்போகும் ஃப்ரீவேக்களின் வரைபடம் வெளியானது. அதைப் பார்த்த பிறகுதான் ஜனங்களுக்குத் தங்கள் வீட்டு மேலேயே கோடு போயிருப்பது தெரிந்தது. நகரின் மேற்குப் பக்கம், சன்செட், வெஸ்ட் போர்ட்டல் குடியிருப்புகளில் தெருத்தெருவாகக் கூட்டம் போட்டார்கள், ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள். 1959-இல் நகரசபை, திட்டத்திலிருந்த பத்தில் ஏழு ஃப்ரீவேக்களை ரத்து செய்தது. அதில் 480-இன் வடக்குப் பாதியும் போனது. 'ஃப்ரீவே ரிவோல்ட்' (ஃப்ரீவே எதிர்ப்புக் கலகம்) என்று அமெரிக்கச் சாலைப் பித்தர்கள் சொல்வது இதைத்தான். மத்திய அரசு பணத்தை நீட்டும்போது ஒரு நகரம் 'வேண்டாம் போ' என்று சொன்னது அன்றைக்கு யாரும் கேள்விப்படாத விஷயம்.

தெற்கு முனையிலும் இதே கதைதான். இன்டர்ஸ்டேட் 280 வந்து 480-ஐத் தொட வேண்டும் என்று திட்டம். இன்றைக்கும் 280 கிங் தெருவில் வந்து சிக்னலில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த 480 வடக்கிலும் ஒட்டவில்லை, தெற்கிலும் ஒட்டவில்லை.

வளைகுடா அக்கா

அந்தப் பாலத்துக்கு அடியில நடந்தே ரெண்டு வருஷம் ஆபீஸ் போனவ நான். எண், கேடயம் எல்லாம் எனக்குத் தெரியாது. பாத்ததைச் சொல்றேன்.

மார்க்கெட் ஸ்ட்ரீட் ஊருக்கு நட்டநடுவுல நேர்க்கோடா வந்து கடல்ல முடியும். முடியிற இடத்துல ஃபெர்ரி பில்டிங். 1898-ல கட்டினது, 245 அடி மணிக்கூண்டு. ஸ்பெயின்ல செவில் ஊர் கோபுரத்தைப் பாத்துக் கட்டினதாச் சொல்லுவாங்க. 1906 பூகம்பத்துக்கே அசையாம நின்ன கட்டடம். தேரடி மாதிரி, தெரு எங்க நின்னு பாத்தாலும் கோபுரம் தெரியணும். நான் போன காலத்துல என்ன தெரியும்னா, குறுக்கால ரெண்டு கான்கிரீட் பட்டை, அதுக்கு மேல கோபுரத்தோட கழுத்தும் தலையும். கோயில் வாசல்ல யாரோ கட்டிலை நிமித்திப் போட்டு மறைச்ச மாதிரி இருக்கும்.

அடியில மத்தியானத்துலயே இருட்டு. மேல வண்டி போற சத்தம் தடதடன்னு நெஞ்சுல இடிக்கும். தாண்டினா தண்ணி இருக்குன்னே மறந்துபோயிடும். ஆனா ஒண்ணு சொல்லணும். மேல்தளத்துல கார்ல போனா, ஆஹா, ஒரு பக்கம் வளைகுடா, ஒரு பக்கம் நகரம். கீழ இருக்கிறவனோட கண்ணைப் பிடுங்கி மேல போறவனுக்குக் கொடுத்த பாலம் அது.

எதிர்க்கரை

அக்கா எழுதியது அருமை. ஆனால் பாதைப்பித்தன் கதையை ஒரு பக்கமாகவே ஓட்டுகிறார். '1959-இலேயே செத்தது' என்கிறார். சரி. அப்படியானால் 1986-ஐ என்ன செய்வது?

நடந்தது இதுதான். 1985-இல் நகரசபை இந்தப் பாலத்தை இடித்துவிடலாம் என்று முடிவெடுத்தது. 1986 ஜூனில் அது மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. மக்கள் 'இடிக்காதே' என்றார்கள். இருட்டு, அசிங்கம், கோபுரத்தை மறைக்கிறது என்று எல்லாம் தெரிந்த அதே ஊர் மக்கள்தான். நாளொன்றுக்கு 60,000 வண்டிகளுக்கு மேல் போன சாலைக்குப் பிணம் என்று பெயர் வைப்பதெல்லாம் எழுத்துக்கு அழகாக இருக்கும்.

மூன்று வருடம் கழித்துப் பூமி ஆடியது. ஆடியிருக்காவிட்டால் இன்றைக்கும் அங்கே நின்றிருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காக்கைக்குப் பொன்னாடை போர்த்தாதீர்கள்.

பாதைப்பித்தன்

காக்கை உட்கார்ந்தது நிஜம். பழம் 30 வருடமாகப் பழுத்துக்கொண்டிருந்ததும் நிஜம். பச்சைக்காயாக இருந்தால் காக்கை என்ன, கழுகு உட்கார்ந்தாலும் விழாது.

1986 பற்றி ஒப்புக்கொள்கிறேன். அதைத் தொடக்கப் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். விட்டது என் தப்பு.

கம்பிகட்டி

காக்கையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்ட்ரக்சுரல் வேலையில் 20 வருடம்.

1989 அக்டோபர் 17, மாலை 5:04. நிலநடுக்க அளவு 6.9. லோமா பிரீட்டா என்று பெயர். மையம் இருந்தது சான்டா குரூஸ் மலைகளில், அதாவது சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தள்ளி. அவ்வளவு தூரத்தில் ஆடிய பூமிக்கு இந்தப் பாலம் ஏன் பயப்பட வேண்டும் என்றால், இரண்டு காரணம்.

முதலாவது மண். எம்பார்கடேரோ ஓரம் இயற்கையான தரை இல்லை. 1849 தங்க வேட்டைக் காலத்தில் அங்கே கடல்நீர்தான் இருந்தது. தங்கம் தேடி வந்தவர்கள் கப்பலை அப்படியே விட்டுவிட்டு மலைக்கு ஓடினார்கள். அந்தக் கப்பல்களோடு சேர்த்தே தூர்த்துத் தெரு போட்டார்கள். 1994-இல் அங்கே ரயில் சுரங்கம் தோண்டியபோது 'ரோம்' என்ற பழைய கப்பலின் உடலைத் துளைத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட மண் நடுக்கத்தைப் பெரிதாக்கும். பாறைமேல் நிற்கும் வீட்டுக்கு ஒரு தட்டு என்றால், சேற்றுமேல் நிற்பதற்குக் கூழ்ப்பானையை உலுக்குகிற மாதிரி.

இரண்டாவது கம்பி. 1950-களில் கட்டிய இரண்டடுக்குப் பாலங்களில் தூணுக்குள் நெடுக்குக் கம்பி தாராளமாக இருக்கும். அதைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பி குறைவு, இடைவெளியும் அதிகம். பீமும் தூணும் சேரும் மூட்டில் நிலைமை இன்னும் மோசம். பக்கவாட்டில் உலுக்கினால் கான்கிரீட் உடைந்து வெளியே பிதுங்கும், ரிங் இல்லாததால் பிடித்து வைக்க ஆள் இல்லை. அன்றைய விதிப்படி அது சரியான கட்டுமானம்தான். கட்டியவன் ஏமாற்றவில்லை, பூமி எப்படி ஆட்டும் என்ற அறிவு பிறகுதான் வந்தது.

இதே தலைமுறையில் பிறந்த இன்னொரு பாலம் எதிர்க்கரையில், ஓக்லண்டில் இருந்தது. சைப்ரஸ் தெரு மேம்பாலம், இன்டர்ஸ்டேட் 880. அதுவும் இரண்டடுக்கு, அதுவும் மென்மண். அன்று மாலை அதன் மேல்தளம் கீழ்த்தளத்தின்மேல் விழுந்தது. 42 பேர் செத்தார்கள். மொத்த நிலநடுக்கத்திலும் இறந்தவர்கள் 63 பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரு பாலத்தில். அன்று வேர்ல்ட் சீரீஸ் பேஸ்பால் ஆட்டம், இரண்டு உள்ளூர் அணிகளும் மோதின. அதைப் பார்க்கப் பலர் சீக்கிரமே வீடு போய்விட்டார்கள். வழக்கமான மாலையாக இருந்தால் எண்ணிக்கை எங்கே போயிருக்குமோ.

480 விழவில்லை. மூட்டுகளில் விரிசல் விட்டது, அப்படியே மூடிவிட்டார்கள். சைப்ரஸ் படத்தைப் பார்த்த பிறகு 'இதன் அடியில் போ' என்று எவனிடமும் சொல்ல முடியாது. எதிர்க்கரை சொன்ன 1986 வாக்கு எண்ணிக்கையெல்லாம் அந்த ஒரு மாலையில் காலாவதி ஆனது. ஆகவே என் தீர்ப்பு, காக்கையும் நிஜம், பழமும் நிஜம், மரமே சேற்றில் நட்டது.

வளைகுடா அக்கா

அந்த மாலை பற்றி நான் எழுதப்போறதில்ல. எட்டு மாடி படியில இறங்கினது மட்டும் கால்ல இன்னும் இருக்கு.

அதுக்கப்புறம் நடந்ததைச் சொல்றேன். பே பிரிட்ஜ்ல மேல்தளத்துல ஒரு துண்டு விழுந்து, ஒரு மாசம் பாலம் மூடல். கடலுக்கு அடியில போற பார்ட் ரயிலுக்கு ஒண்ணும் ஆகல. அதுல கால் வைக்க இடம் இல்ல. படகு மறுபடி விட்டாங்க. 1936-ல பாலம் வந்தப்புறம் கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போன படகு, பாலம் உடைஞ்சதும் உயிரோட வந்துச்சு. ஃபெர்ரி பில்டிங்ல மறுபடி ஆளுங்க வரிசையில நிக்கிறதைப் பாத்தேன். 480 மட்டும் காலியா நிக்குது, தூணுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்து. தடதட சத்தம் இல்ல. அந்த நிசப்தத்துலதான் ஊருக்கு 'இது இல்லாமயும் இருக்கலாமோ'ன்னு தோண ஆரம்பிச்சுதுன்னு நினைக்கிறேன்.

எதிர்க்கரை

அக்கா சொல்லும் 'ஊருக்கு' என்ற வார்த்தையில்தான் நான் நிற்கிறேன். எந்த ஊருக்கு?

பிராட்வே இறக்கம் எங்கே போய் இறங்கியது? சைனாடவுன் வாசலில். ஓக்லண்ட் பக்கமிருந்து வார இறுதியில் காய்கறி, மீன், கல்யாண விருந்து என்று வரும் சீனக் குடும்பங்களுக்கு 480-தான் வழி. பாலத்திலிருந்து நேராக இறங்கி, வண்டியை நிறுத்தி, சாமான் வாங்கிக்கொண்டு திரும்பலாம். மூடிய நாளிலிருந்து அந்தக் கடைக்காரர்கள் வியாபாரம் விழுந்துவிட்டது என்று கத்தினார்கள். யாருக்கு மணிக்கூண்டு தெரிகிறது, யாருக்குக் கல்லாப்பெட்டி காலியாகிறது என்பதுதான் கேள்வி.

மேயர் ஆர்ட் ஆக்னோஸ் இடிப்பதுதான் சரி என்று நின்றார். ரிப்பேர் செய்து திறக்கும் வழியும் மேசைமேல் இருந்தது. சைனாடவுன் தரப்பில் ரோஸ் பாக் என்ற பெண்மணி முன்னால் நின்று எதிர்த்தார். 1990-இல் நகரசபையில் 11 பேர் வாக்களித்தார்கள். ஆறுக்கு ஐந்து. ஒரே ஒரு வாக்கு! 30 வருடமாகப் பழுத்த பழம் என்கிறீர்கள். பழுத்த பழத்துக்கா ஆறுக்கு ஐந்து?

அடுத்த வருடம் தேர்தலில் ஆக்னோஸ் தோற்றார். முன்னாள் போலீஸ் தலைவர் ஃபிராங்க் ஜோர்டன் ஜெயித்தார். தோல்விக்குப் பல காரணம் உண்டு, சைனாடவுன் கோபமும் அதில் ஒன்று.

தெற்குவீதி

அப்போ பாலத்தை இடித்த மேயர், இடித்த இடத்தில் வந்த அழகைப் பதவியில் இருந்து பார்க்கவில்லையா? பாவம்.

பாதைப்பித்தன்

எதிர்க்கரையின் இந்தப் பதிவுதான் இழையிலேயே கனமானது. நான் எழுதவே எழுதாத பக்கம் இது. சாலைப் பித்தர்களுக்கு ஒரு வியாதி உண்டு, வரைபடத்தில் கோடு எங்கே முடிகிறது என்று பார்ப்போம், இறங்கிய வண்டி எந்தக் கடை வாசலில் நின்றது என்று பார்க்க மாட்டோம்.

ஆறுக்கு ஐந்துக்கு என் பதில்: 1986-இல் இடிக்க வேண்டும் என்றவர்கள் ஒரு பாலத்தை உடைக்கச் சொன்னார்கள். 1990-இல் காப்பாற்ற வேண்டும் என்றவர்கள், மூடிக்கிடக்கும் ஒன்றைப் பணம் போட்டு உயிர்ப்பிக்கச் சொன்னார்கள். சும்மா இருந்தால் யார் பக்கம் ஜெயிக்கும் என்பது இடம் மாறிவிட்டது. அப்படி மாறியும் ஒரு வாக்கில்தான் நகர்ந்தது என்றால், உங்கள் வாதம் வலுக்கிறது, என்னுடையது இளைக்கிறது. '1959-இலேயே செத்தது' என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். 1959-இல் அது முடமானது. அடித்தது 1989. புதைக்கலாமா என்று ஊரே சண்டை போட்டது 1990.

இடிப்பு தொடங்கிய நாள் 1991 பிப்ரவரி 27.

கம்பிகட்டி

இடித்தால் நகரமே நின்றுவிடும் என்று பயமுறுத்தினார்களே, அது என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. பயந்த அளவுக்கு நெரிசல் நிலைக்கவில்லை. கொஞ்சம் பார்ட் ரயிலுக்குப் போனது, கொஞ்சம் மற்றத் தெருக்களுக்குப் பிரிந்தது, கொஞ்சம் புறப்படவே இல்லை. ஓரிகனில் போர்ட்லண்டு நகரம் 1974-இலேயே ஆற்றோரத்து ஹார்பர் டிரைவை மூடிப் பூங்கா ஆக்கியது, அங்கேயும் ஊர் நின்றுவிடவில்லை.

இதே நிலநடுக்கத்தில் அடிவாங்கிய சென்ட்ரல் ஃப்ரீவே கதை இன்னும் வேடிக்கை. அதே சான் பிரான்சிஸ்கோ. 1997-இல் வாக்கெடுப்பு வைத்து 'திரும்பக் கட்டு' என்றார்கள், 1998-இல் 'கட்டாதே' என்றார்கள், 1999-இல் மறுபடியும் ஒரு வாக்கெடுப்பு. கடைசியில் 2005-இல் ஆக்டேவியா தெருவை அகலமாக, மரம் வைத்துத் திறந்தார்கள். அதற்குத் தனி இழை போட வேண்டும்.

வளைகுடா அக்கா

இப்ப அங்க போனா நம்ப முடியாது. அகலமான தெரு, ரெண்டு பக்கமும் பேரீச்ச மரம், நடுவுல பழைய டிராம் வண்டி. 2000-லேர்ந்து அந்த எஃப் லைன் மீன்துறை வரைக்கும் போகுது. மிலான் ஊர்ல ஓடின 1928 மாடல் ஆரஞ்சு வண்டி கூட உண்டு, மர பெஞ்சு. ஃபெர்ரி பில்டிங்கை 2003-ல புதுசாக்கி அங்காடி திறந்தாங்க. சனிக்கிழமை காலையில உழவர் சந்தை. கத்திரிக்காய் நல்லா இருக்கும், விலையைக் கேட்டா பசி போயிடும்.

ஒரு தமாஷ். பாலத்துக்குப் பக்கத்துல ஒரு நீரூற்று 1971-ல வச்சாங்க, கியூபெக் சிற்பி வையான்கூர் செஞ்சது. பெரிய பெரிய கான்கிரீட் குழாய் கோணலும் மாணலுமா. பின்னாடி இருக்கிற ஃப்ரீவேக்கு ஈடுகொடுக்கணும்னே அப்படிச் செஞ்சது. ஃப்ரீவே போனப்புறம் அது, மாப்பிள்ளை ஓடிப்போன கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன் மாதிரி தனியா நின்னுச்சு.

எதிர்க்கரை

கத்திரிக்காய் விலை ஏறியதும், சுற்றிலும் வீட்டு விலை ஏறியதும் அதே மரத்தின் பழங்கள்தான் அக்கா. அதை இங்கே இழுக்கவில்லை.

சைனாடவுன் கணக்கை மட்டும் முடித்துவிடுகிறேன். 'பாலம் போனால் எங்களுக்கு என்ன' என்று கேட்டவர்களுக்குப் பதிலாகப் பேச்சில் வந்ததுதான் சைனாடவுனுக்கு ஒரு சுரங்க ரயில். ரோஸ் பாக் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். சென்ட்ரல் சப்வே, 1.7 மைல். வண்டி ஓடத் தொடங்கியது 2022 நவம்பரில், முழுச் சேவை 2023 ஜனவரியில். பாலம் மூடி 33 வருடம் கழித்து! அவர் 2016-இலேயே காலமாகிவிட்டார். ஸ்டேஷனுக்கு 'சைனாடவுன் – ரோஸ் பாக்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கவும் பெரிய சண்டை நடந்தது என்பது வேறு.

எம்பார்கடேரோ மரங்களுக்கு அடியில் நின்று செல்ஃபி எடுப்பவர்கள், சில தெரு தள்ளி அந்த ஸ்டேஷனிலும் இறங்கி ஒரு சாயா குடித்துவிட்டு வாருங்கள். பாலத்துக்கு ஈடாக வந்த ரயில் அது.

தெற்குவீதி

அடுத்த மாதம் ஆபீஸ் வேலையாக அங்கே போகிறேன். 480-இன் மிச்சம் ஏதாவது, ஒரு தூணாவது, பார்க்கக் கிடைக்குமா? பாதைப்பித்தன் அண்ணா, எண் பலகை?

பாதைப்பித்தன்

பலகை தெருவில் கிடைக்காது. பே பிரிட்ஜுக்கு ஏறி இறங்கும் ரேம்புகள் இருந்த நிலத்தில், ஃபோல்சம் தெரு ஓரமாக, இப்போது வானளாவிய அடுக்குமாடிகள். அங்கே நின்றால் கழுத்துதான் வலிக்கும்.

நீங்கள் போக வேண்டிய இடம் ஃபெர்ரி பில்டிங்குக்கு எதிரே, கிளே தெருவுக்கும் வாஷிங்டன் தெருவுக்கும் நடுவில் இருக்கும் புல்வெளி. 480-இன் ரேம்புகள் அங்கேதான் தரைக்கு இறங்கின. பூங்காவின் பெயர் சூ பியர்மன். 1960-களில் கோல்டன் கேட் பூங்கா பக்கம் பான்ஹேண்டில் என்ற பூங்காத் துண்டு வழியாக வரவிருந்த இன்னொரு ஃப்ரீவேயை எதிர்த்துத் தெருவில் நின்றவர். அந்த ஃப்ரீவேயும் 1966-இல் நகரசபையில் தோற்றது. எவ்வளவுக்கு எவ்வளவு தெரியுமா எதிர்க்கரை? ஆறுக்கு ஐந்து. பிறகு அவரே நகரசபை உறுப்பினராகவும் இருந்தார்.

எதிர்க்கரை

அந்த ஊரில் ஆறாவது ஆள் யார் என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் போலிருக்கிறது.

வளைகுடா அக்கா

தம்பி, அந்தப் பார்க்குல மத்தியானம் போய் உக்காரு. சிவப்புத் தலைப் பச்சைக் கிளிக் கூட்டம் வரும், காது கிழியக் கத்தும். கூண்டுலேர்ந்து தப்பிச்சதுங்களோட வம்சம். டெலிகிராஃப் ஹில் கிளின்னு ஊர் முழுக்கப் பேரு. பாவமேன்னு கடலை கிடலை போட்டுடாத, பார்க்குல அதுங்களுக்குத் தீனி போடக் கூடாதுன்னு 2007-லேயே சட்டம் போட்டுட்டாங்க.

தெற்குவீதி

சரி அக்கா, கடலையை நானே தின்றுவிடுகிறேன். படம் எடுத்து இங்கே போடுகிறேன்.